பங்காளி

ஒளிமேசையின் விளக்கைப் போட்டுவிட்டுக் குனிந்தாள் ரோவீனா.

கண்ணாடியின்மேல் மூன்று எக்ஸ்ரே படங்கள். மூன்றிலும் கிருமியின் பெயர் எழுதிய ஓரத்தைக் கறுப்பு டேப்பால் மூடியிருந்தான் கர்ட்.

கர்ட் அவளோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவன். நல்ல சிநேகிதன்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பரம எதிரி.

பசுவின் வயிற்றிலிருந்து எடுத்த ஒரு கிருமியை இரண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுகிறாள் ரோவீனா. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சாட்சாத் பாக்டீரியாதான். ஆனால் அது பாக்டீரியாவே இல்லை என்கிறாள். ஈஸ்ட், எலி, மனுஷன் என்று வருகிற நம் பக்கத்து உயிரும் இல்லையாம். உயிர்களில் இரண்டே வம்சம் என்று உலகமே படித்துப் பாஸ் பண்ணியிருக்க, மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று ஒருத்தி வந்து நின்றால் யார் நம்புவார்கள்?

கர்ட் நம்பவில்லை.

"டியூப்ல அழுக்கு சேர்ந்திருக்கும், ரோ. நீ ஆசைப்படறதெல்லாம் உனக்குப் படத்துல தெரியுது" என்றான். அவள் எழுதிய கட்டுரையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டான். கூட வேலை செய்கிற அவன் கையெழுத்து இல்லாமல் கட்டுரை வாசலைத் தாண்டாது.

அதனால்தான் இந்தப் பந்தயம். மூன்று கிருமிகளை அவனே தேர்ந்தெடுத்து, அவனே வளர்த்து, அவனே படமெடுப்பான். எது எதுவென்று மூச்சுவிட மாட்டான். எந்தப் படம் எந்த வம்சம் என்று அவள் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் கையெழுத்து. ஒன்று பிசகினாலும் மாட்டுக் கிருமிக்கு ஒரேயடியாக முழுக்கு.

விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. பனி ஒட்டிய பூட்ஸோடு கதவருகே ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பாவிகள், பாப்கார்ன் வேறு கொண்டுவந்திருந்தார்கள்.

"ஆரம்பிங்க, மாட்டு வயித்து மகராசி!" என்றது ஒரு குரல்.

எல்லா உயிரின் செல்லிலும் புரதம் செய்கிற எந்திரம் ஒன்று உண்டு. அதில் ஒரு பாகத்தை எடுத்து நறுக்கி, காகிதத்தில் ஓடவிட்டால், துண்டுகள் படத்தில் கறுப்புப் புள்ளிகளாக விழும். சொந்தக்காரர்களுக்குப் புள்ளிகள் ஒத்துப்போகும். பாக்டீரியா எதுவானாலும் வலது மேல் மூலையில் கொழுகொழுவென்று ஒரு புள்ளி இருந்தே தீரும். குடும்ப மச்சம் மாதிரி.

முதல் படத்தில் மச்சம் இருந்தது. "பாக்டீரியா" என்றாள்.

இரண்டாவதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "இது நம்ம பக்கத்து ஆளு. ஈஸ்டா இருக்கும்."

கர்டின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கல்லுளிமங்கன்.

மூன்றாவது படத்தில் மூலை காலி.

ரோவீனாவுக்குக் காது வரை சூடேறியது. வந்துவிட்டான் என் ஆள்! கீழே இடது பக்கம், மாட்டுக் கிருமியில் மட்டுமே பார்த்த அந்த இரட்டைப் புள்ளியும் இருக்கிறது. ஆனால்... மற்றப் புள்ளிகள் எங்கெங்கோ கிடந்தன. மாட்டுக் கிருமியின் படம் அவளுக்குத் தன் முகத்தைப் போலத் தெரியும். இது அது இல்லை.

அப்போதுதான் பயம் பிடித்தது. மாட்டுக் கிருமி இல்லையென்றால் வேறு எதை வைத்திருப்பான்? உலகத்தில் மிச்சமுள்ளதெல்லாம் பாக்டீரியா என்றுதானே எழுதி வைத்திருக்கிறார்கள்! பேசாமல் பாக்டீரியா என்று சொல்லிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மூலை காலியாக இருக்கிறதே.

"மூணாவது வம்சம்" என்றாள். "என் மாட்டுக் கிருமி இல்ல. அதுக்குப் பங்காளி."

கர்ட் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

"மாட்டினியா! உன் மாட்டுக் கிருமியை நான் வைக்கவே இல்ல. வேணும்னேதான் விட்டேன்!" டேப்பைப் பிய்த்து எறிந்தான். "கருவாட்டு உப்புல செவப்பா படருமே, அது இது. எந்தப் புஸ்தகத்தை வேணாப் பிரி, பாக்டீரியான்னுதான் போட்டிருக்கு. அந்தத் தைரியத்துல நான் படத்தைக்கூட சரியாப் பாக்கல!"

கதவருகே ஒரே சிரிப்பு. ஒரு பாப்கார்ன் பறந்து வந்து மேசையில் விழுந்தது.

ரோவீனாவின் கண்ணில் குபுக்கென்று நீர் முட்டியது. இரண்டு வருஷம், அவ்வளவும் போச்சு. அழுதுகொண்டே திரும்பவும் படத்தைப் பார்த்தாள். மூலை காலியாகத்தான் இருந்தது.

சட்டென்று நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

"புஸ்தகம் கிடக்கட்டும். மூலையைப் பாரு."

சிரித்துக்கொண்டேதான் குனிந்தான் கர்ட்.

சட்டைக் கையால் மேசைக் கண்ணாடியைத் துடைத்தான். படத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தான். முதல் படத்தைப் பார்த்தான், மறுபடி இதைப் பார்த்தான். கதவருகே பாப்கார்ன் மெல்லும் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"டியூபை நானேதான் கழுவினேன்" என்றான், யாரிடம் என்று தெரியாமல். "வேற யாரும் தொடவே இல்ல."

"ஒண்ணுன்னா தப்புன்னு சொல்லலாம், கர்ட்." ரோவீனாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கால் தரையில் நிற்கவில்லை. "ரெண்டு இருந்தா அது குடும்பம்டா!"

கர்ட் நிமிரவில்லை. மூலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டினான்.

"யாராவது ஒரு பேனா குடுங்கப்பா."