எலுமிச்சம்பழமும் ஹெல்மெட்டும்

"இன்னாண்ணா, தலையில சட்டியக் கவுத்துக்கினு கெளம்பிட்டீங்க? ஊட்ல அண்ணி ஒல வெக்கத் தேடப் போறாங்க!"

சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த கைலாசம் இப்படிக் கேட்டதும், குப்புசாமியின் சைக்கிள் கடை வாசலில் நின்ற நெசவாளிகள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒரே ஒருவர்தான். சட்டி அவர் தலையில் இருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் இளங்கோவனைத் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த சாமிப் பெயரைக் கடாசிவிட்டுத் தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டவர். பகலில் அச்சகம், மாலையானால் மேடை. தேரையும் திருவிழாவையும் அவர் கிழிக்கிற கிழியில், இந்தக் கோயில் ஊரில் பிறந்ததற்கே ஜனங்கள் நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளை தேறி வீடு வந்த கையோடு மாநாடு என்று மெட்ராஸ் போனவர், நேற்றுக் காலை மோட்டார் சைக்கிள்காரர்கள் போடுகிற ஹெல்மெட்டோடு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினார். அதிலிருந்து அதை மாட்டிக்கொண்டுதான் சைக்கிள் சவாரி. அதுவும் சித்திரை வெயிலில். தெரு சிரிக்காமல் என்ன செய்யும்?

"சிரி, கைலாசம், நன்றாகச் சிரி. மண்டை பிளந்து கிடந்தவன் நீ. நானல்ல" என்றார் இளங்கோவன், மேடையில் பேசுகிற அதே தமிழில்.

கைலாசத்துக்குச் சுருக்கென்றது. தாமல் ஏரிக்கரையில் குறுக்கே பாய்ந்த ஆட்டுக்காகப் பிரேக் பிடித்து, குப்புற விழாமல் மல்லாக்க விழுந்து, பின்மண்டையில் போட்ட தையலை இப்போதுதான் பிரித்திருந்தார்கள். இன்னொரு முறை அதே இடத்தில் அடிபட்டால் ஆள் தேறமாட்டான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதற்காக வீட்டிலேயே உட்கார முடியுமா? தாமல் தறிகளுக்குப் பட்டு நூல் கொண்டுபோனால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரியும். இன்றைக்குத்தான் மறுபடி சைக்கிளைத் தொடுகிறான். பயம் இன்னும் விட்டபாடில்லை. அதை மறைக்கத்தான் இவ்வளவு நக்கல்.

"எனக்கு இன்னாண்ணா கொறைச்சல்? கமலாட்சி மந்திரிச்ச எலுமிச்சம்பழம் கட்டி உட்டிருக்குறா பாருங்க" என்று ஹேண்டில்பாரைக் காட்டினான்.

"உன் மனைவி கட்டிய பழமா உன்னைக் காப்பாற்றும்? நீ விழுந்தால் முதலில் பழம் நசுங்கும். அடுத்து உன் தலை. ஊறுகாய் போடுகிற பொருளை நம்பி உயிரை விடுகிறீர்களே, உங்களையெல்லாம் எதில் சேர்ப்பது!" இளங்கோவன் ஹெல்மெட்டை விரலால் டக்கு டக்கென்று தட்டினார். "இது அறிவு. அது மூடத்தனம்."

"அறிவு இப்டி வேர்த்து ஊத்துமாண்ணா?" என்றார் குப்புசாமி, பஞ்சர் ஒட்டிக்கொண்டே. மறுபடி சிரிப்பு.

கைலாசம் மட்டும் இந்தத் தடவை சிரிக்கவில்லை. பழத்தைப் பார்த்தான். காலையில் கமலாட்சி கண்ணை மூடிக்கொண்டு அதைக் கட்டும்போது இருந்த தைரியம் இப்போது இல்லை. மனுஷன் திமிர் பிடித்தவர்தான்; ஆனால் சொல்வதில் என்ன தப்பு? தெரு ரெண்டு நாள் சிரிக்கும், மூன்றாம் நாள் வேறு யாரையாவது பார்த்துச் சிரிக்கும். தலை போனால் வருமா?

"சரிண்ணா, நீங்க ஜெயிச்சிட்டீங்க. அதை ஒரு நிமிசம் குடுங்க, போட்டுப் பாக்கறேன். தலைக்கு ஒத்து வந்திச்சின்னா நானும் ஒண்ணு வாங்கிடறேன்."

ஜெயித்தவர் முகம் மலர வேண்டுமா இல்லையா? இளங்கோவன் சட்டென்று பெடலில் காலை வைத்தார்.

"உன் தலையின் அளவு வேறு."

"போட்டுப் பாத்தாதானே தெரியும்?"

"ஒருவர் அணிந்ததை இன்னொருவர் அணிவது சுகாதாரக் கேடு."

"எல்லாரும் ஒரே டம்ளர்ல டீ குடிக்கணும்னு மேடையில பேசினது நீங்கதானே?"

"அது வேறு, இது வேறு. எனக்கு நேரமாகிறது, வழி விடு."

கைலாசத்துக்கு வந்ததே கோபம். இத்தனை பேர் முன்னால் தன் பயத்தை ஒப்புக்கொண்டு கை நீட்டியிருக்கிறான், இந்த ஆள் என்னவோ பொன் கிரீடத்தைப் பிடுங்க வந்தவனைப் பார்ப்பது போல் பார்க்கிறார்.

"ஊருக்குத்தான் உபதேசமாண்ணா? எந்தலை நசுங்கும்னு சொல்லத் தெரியுது, ஒரு நிமிசம் கழட்டிக் குடுக்க மனசு வரல. பேச்சுல சமத்துவம், தொப்பியில மட்டும் தனிச் சொத்தா?"

"குடுங்கண்ணா, தேஞ்சா பூடும்?" என்றது கூட்டம். குப்புசாமி எழுந்து வந்து, சிரித்துக்கொண்டே சைக்கிளின் கேரியரைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் கைலாசம்! சொன்னால் கேள்!" இளங்கோவன் இரண்டு கையாலும் ஹெல்மெட்டை அழுத்திப் பிடித்தார். மேடையில் செருப்பு வந்து விழுந்தபோதுகூட அசையாத மனுஷன், இப்போது வெலவெலத்துப் போயிருந்தார். கைலாசம் விடுவதாயில்லை. மோவாய்க்கடியில் இருந்த வாரை இழுத்தான். வார் அவிழ்ந்தது. ஒரே தூக்கு.

ஹெல்மெட் கைலாசத்தின் கையோடு வந்தது. அதற்கடியில் இருந்தது, சந்தனம் பூசிய புத்தம்புது மொட்டை.

"கத்தாதடா கைலாசம், உனக்குப் புண்ணியமாப் பூடும்! புள்ள பொழைச்சா முடி எறக்கறேன்னு திருத்தணிக்கு வேண்டிக்கினேன்டா" என்று கிசுகிசுத்தார் இளங்கோவன்.