அரோரா என்றால்

நோர்வேயின் வடகரையில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் கணவன் கிருபமூர்த்தியிடம் தவமலர் வந்து மூன்று கிழமைகள் ஆகியிருந்தன. மாரியில் இரண்டு மாதம் சூரியனே வராத ஊர் அது; அந்த மூன்று கிழமைகளில் சூரியன் ஒரு நாள்கூட எழவில்லை. "என்னை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கோ. விடியாத இடத்தில என்னால இருக்கேலாது" என்று அவள் சொன்ன அன்று, பின்னேரம் நான்கு மணிக்கு, ஜன்னலுக்கு வெளியே மலைக்கு மேல் பச்சை வெளிச்சம் பரவியது.

"விடியுதப்பா" என்றாள்.

"அது விடியலில்லை. இஞ்ச இருட்டு வானத்தில தானா வாற வெளிச்சம், அரோரா எண்டு சொல்லுவினம்."

"அப்பிடியெண்டா?"

அங்கே இருந்த பதினொரு வருடங்களில் அவன் அந்தச் சொல்லின் கருத்தை யாரிடமும் கேட்டதில்லை. கூட வேலை செய்யும் நோர்வேக்காரனுக்கு போன் எடுத்தான். பேசி முடித்த பிறகும் போனைக் கையில் பிடித்தபடியே நின்றான்.

"பழைய லத்தீன் சொல்லாம். விடியல் எண்டுதான் கருத்தாம்."

அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை மெல்லக் கலைந்து, மறுபடியும் இருட்டியது.

"சூரியன் எப்ப வரும்?"

அவன் தயங்கினான். "தைப்பொங்கல் முடிஞ்சு ஒரு கிழமையாகும்."

தவமலர் கண்ணாடியிலிருந்து நெற்றியை எடுத்தாள். பிறகு, "அப்ப இந்தமுறை பொங்கலைப் பிந்தி வைப்பம்" என்றாள்.