கூட நடப்பவர்

கடற்கரைச் சாலையில் வண்டிகள் வராமலிருக்க சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் தடுப்பை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சந்திரகலா பக்கத்துத் தெருவில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். பின்னால் உட்கார்ந்திருந்த பலராமன் மெதுவாக இறங்கினார்.

இந்த நிலைமையிலும் வண்டியை அவளே ஓட்டுகிறாளே என்று நடக்க வருகிறவர்கள் ஆச்சரியமாகப் பேசிக்கொள்வார்கள்.

மார்பில் கட்டி. ஆபரேஷன் ஆகிவிட்டது. இப்போது ரேடியேஷன் நடக்கிறது. கருவடிக்குப்பத்தில் அவர்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம்.

மதியம் மெஷினுக்கு அடியில் படுத்து எழுந்து வந்தால் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். அக்குள் வரைக்கும் தோல் கறுத்துப்போய்க் காந்தும். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

சந்திரகலா அதற்கு இடம் கொடுப்பதில்லை.

படுத்தே கிடந்தால் சோர்வு இன்னும் கூடும், முடிந்த மட்டும் நடங்கள், கையை அசைத்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெயில் படக்கூடாது. அதனால்தான் சாயங்கால நடை.

முதல் வாரம் டூப்ளே சிலையிலிருந்து புறப்பட்டு, கொஞ்ச தூரம் போவதற்குள்ளேயே கடற்கரைச் சுவரில் உட்கார வேண்டியிருந்தது. இப்போது காந்தி சிலை வரைக்கும் நிற்காமல் போக முடிகிறது.

நடந்து முடித்ததும் கடலைப் பார்த்து நின்று கைப்பயிற்சி செய்வார்கள். சந்திரகலா இரண்டு கைகளையும் மெல்ல மேலே தூக்குவாள். பக்கத்தில் பலராமனும் தூக்குவார். அவள் இறக்கும்போது அவரும் இறக்குவார்.

மின்துறையில் லைன்மேன். பெண்டாட்டிக்காக லீவு போட்டுவிட்டு, கூடவே நடந்து, கூடவே கையையும் தூக்குகிற மனுஷன். பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களிடம் அவரைக் காட்டிப் பேசினார்கள். அது காதில் விழும்போதெல்லாம் பலராமன் கடல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அதே பெண்களின் கண்கள் சந்திரகலாவின் முந்தானையில் ஒரு கணம் நின்று, சட்டென்று விலகும். அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வதில்லை. பார்த்தால் பார்க்கட்டும்.

இன்றைக்குக் கைப்பயிற்சிக்கு நடுவில் அடுத்த தெரு சுமலதா வந்து நின்றாள். நல்ல மனசுக்காரி. அவளுடைய அக்காவுக்கும் இதே நோய்தான். ஆபரேஷன் முடிந்ததும் அக்காவை அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போன மாமா, திரும்பி வரவே இல்லை. அதைச் சொல்லும்போது சுமலதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உனக்கு வாய்த்தவர் அப்படி இல்லை, அதுவே பெரிய விஷயம் என்றாள்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"முழுசா எடுத்துட்டாங்களா, சந்திரா?"

சந்திரகலா தலையை மட்டும் ஆட்டினாள்.

சுமலதா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். போனால் போகட்டும், உயிர் இருந்தால் போதும் என்றாள்.

பலராமனின் கை பாதி உயரத்தில் நின்றுவிட்டது. அதைக் கீழே இறக்கிவிட்டுத் திரும்பினார்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லீங்க. கட்டி வந்தது எனக்கு. எடுத்ததும் எனக்குத்தான்."

சுமலதா அவரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். மனைவியைத் தேற்ற ஏதோ சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்திருப்பாள். அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

ஆம்பிளைக்குக்கூட வருமா என்று அவரே டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டவர். ரேடியேஷனுக்குப் போன முதல் நாள், மாற்றிக்கொள்கிற கவுனை நர்ஸ் சந்திரகலாவிடம்தான் நீட்டினாள். காத்திருந்த பெண்களுக்கு நடுவில் எழுந்துபோய் அதை வாங்கும்போது அவர் தலை குனிந்துபோனது. கரண்டுக் கம்பத்தில் சரசரவென்று ஏறுகிற மனுஷன்.

அதைச் சந்திரகலா பார்த்தாள். தெருவில் முதல் ஆள் துக்கத்தோடு அவள் கையைப் பிடித்தபோது, எனக்கில்லை என்று அவள் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற அவரும் சொல்லவில்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் வீட்டில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் இல்லை.

சுமலதா அவர் பக்கம் ஓர் அடி நகர்ந்து வந்தாள். அப்புறம், ரொம்ப எரியுதா அண்ணே என்று கேட்டாள்.

அவ்வளவுதான். பலராமன் பேச ஆரம்பித்துவிட்டார். சட்டை உரசினால் எரிவதை, தலை வாரக்கூட கை எழும்பாமல் இருந்ததை, நடக்க ஆரம்பித்த பிறகு ராத்திரியில் நன்றாகத் தூக்கம் வருவதை, இன்னும் சில நாளில் ரேடியேஷன் முடியப்போவதை. பேசிக்கொண்டே நடந்தார். சுமலதாவும் கேட்டுக்கொண்டே கூட நடந்தாள். இந்த நோயைப் பற்றி அவர் இத்தனை வார்த்தை பேசிச் சந்திரகலா கேட்டதே இல்லை.

அவள் அவர்களோடு போகவில்லை. சுவரில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் எல்லாரும் அவளிடம் விசாரித்த அந்தச் சோர்வு, இப்போதுதான் அவளுக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பலராமன் பாதி வழியில் திரும்பிப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை, கொஞ்சம் அசதி என்றாள்.

"நீ உக்காரு. நான் இன்னொரு நடை போயிட்டு வந்துடறேன்."