போதுமானியும் ஒன்பது கால் நண்டும்

விடுதி மேசைகளுக்குப் போதுமானி என்ற கருவி வந்த பிறகு யாரும் ஆய்வேட்டைத் தாமதமாகக் கொடுத்ததில்லை. எழுத்து போதுமான அளவுக்குத் தேறியதாக அதன் முள் காட்டியதும் ஏடு தானே பூட்டிக்கொண்டு தேர்வாளருக்குப் போய்விடும். அதன்பின் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

ஜெனோவாவுக்கு அந்தக் கருவி எமனாகத் தெரிந்தது. நண்டு ஓடு கழற்றுவதைப் பற்றிய ஏட்டின் முதல் பத்தியையே அவள் நாற்பத்தொரு முறை திருத்தியிருந்தாள். அரைகுறையாகப் போனால் மானம் போய்விடுமே! அதனால் போதுமானியின் முள் ஏறும்போதெல்லாம் ஏதாவது ஓர் அபத்தத்தைச் சேர்ப்பாள். முள் இறங்கும். நிம்மதியாக மெருகேற்றுவாள்.

“ஏட்டி, நண்டுக்கு ஒம்பது காலா?” என்றாள் அறைத்தோழி பாத்திமுத்து.

“கடைசி நாளு எடுத்துருவேன்ட்டி. நீ சோலியப் பாரு.”

மறுநாள் ஒரே ஒரு வாக்கியத்தை அழகாக்கினாள். ஏடு டக்கென்று பூட்டிக்கொண்டது. ஒன்பது காலையும் மீறி அது அவ்வளவு நன்றாக வந்துவிட்டிருந்தது.

வாய்மொழித் தேர்வில் அவள் உட்காரக்கூட இல்லை. “சார், நண்டுக்குப் பத்துக் காலு. நாந்தான் வேணும்னே தப்பா எழுதுனேன்.”

தேர்வாளர் பக்கங்களைப் புரட்டினார். “அப்படியாம்மா? நான் கவனிக்கலயே. புது ஓடு இறுகுற வரைக்கும் நண்டு ஒளிஞ்சு கிடக்கும்னு எழுதியிருக்கியே, அதுலயே மூழ்கிட்டேன். சரி, இறுகுனது போதும், இனி வெளிய வரலாம்னு அதுக்கு எப்படித் தெரியுது?”

“எனக்குத் தெரியல சார்,” என்றாள் ஜெனோவா.

பிறந்ததிலிருந்து அவள் சொல்லாத வாக்கியம் அது.

“எனக்கும் தெரியாது,” என்றார் அவர் உற்சாகமாக. “உக்காரும்மா, பேசுவோம்.”