காற்று வந்த நேரம்

கடல்காற்று வந்துவிட்டது.

முதலில் கழுத்தில் தெரிந்தது. வேர்வை குளிர்ந்தது. அதுவரை கடலைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்த படகுக் கொடிகள் ஒவ்வொன்றாக ஊரைப் பார்த்துத் திரும்பின.

நெத்திலி காயப்போட்டிருந்த வலைக்குப் பக்கத்தில் அவள் அசையாமல் நின்றாள்.

போன் அடித்தது.

அடிக்கும் என்று தெரியும். காலை பதினோரு மணியிலிருந்து கால் மணிக்கு ஒரு தடவை அடிக்கிறான். செத்துப்போன தங்கையின் புருஷன்.

"வந்துச்சாக்கா?"

முந்தானை பறந்தது. இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இன்னும் வரல தம்பி. ஊர்ப் பக்கத்து மேக்காத்துதான் அனலா அடிக்குது. மணல்ல கால வைக்க முடியல."

வைத்துவிட்டான்.

அவன் சூதாடுவது போனில். இன்றைக்கு இந்த நகரத்தின் உச்ச வெயில் எத்தனை டிகிரி? முப்பத்தொன்பதா, நாற்பதா, நாற்பத்தொன்றைத் தாண்டுமா? அதுதான் பந்தயம். இந்த ஊர் வெயிலில் ஒரு நாள் நின்று பார்க்காதவன் எல்லாம் எங்கோ உட்கார்ந்துகொண்டு காசு வைக்கிறான்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று இவனுக்குத் தெரியும். கடல்காற்று கரையேறிவிட்டால் வெயில் அதற்குமேல் ஏறாது. ஆனால் வெயிலை அளக்கும் கருவி ஊருக்குள்ளே இருக்கிறது. காற்று அங்கே போய்ச் சேர அரை மணி ஆகும். அந்த அரை மணிதான் இவன் பிழைப்பு.

அதற்குக் கரையில் ஒரு ஆள் வேண்டும். பொய் சொல்லாத ஆள்.

இரண்டு கோடையாக அவள் பொய் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடந்த நாளிலும் எழுந்து வந்து கரையில் நின்று சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அவன் ஜெயித்தான். வீடு வாங்கினான். ஏசி மாட்டினான். பார்க்கிறவர்களிடமெல்லாம், அக்கா வாக்கு தப்பாது என்றான்.

மூன்று வருடத்துக்கு முந்தைய மே மாதத்தில் ஒரு நாள் கடல்காற்று வரவே இல்லை.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே தங்கை பூங்காவனம் எட்டு மாத வயிற்றோடு கிடந்தாள். தலை சுற்றுது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ என்று மூன்று தடவை சொன்னாளாம். அவன் வாசலில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தான். டிகிரி ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பொறு, இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்றானாம். பக்கத்து வீட்டுக்காரி பின்னால் சொன்னாள்.

அன்றைக்கும் ஜெயித்தான்.

போனது ஒரு உயிரில்லை, இரண்டு.

காரியத்தன்று அவன் கேவிக் கேவி அழுதான். இவள்தான் தோளைத் தட்டித் தேற்றினாள். அப்போது ஒன்றும் தெரியாது. தெரிந்த பிறகு அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. ஒரு நாளும் மனசு ஆறவில்லை. உலையில் அரிசி போடும்போதும் அவன் முகம், மீன் அறுக்கும்போதும் அவன் முகம்.

போய்ச் சண்டை போடவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. காத்து வந்தா சொல்றியாக்கா என்று அவனே ஒரு நாள் வந்து கேட்டபோது, சொல்றேன் தம்பி என்றாள்.

நேற்று அவனே வாயை விட்டான். வீட்டை விற்றுவிட்டானாம். கடல்காற்று பிந்தினால் மொத்தத்தையும் இன்றைக்கு நாற்பத்தொன்றைத் தாண்டும் என்று வைக்கப் போகிறானாம். இந்த ஒரு ஆட்டத்தோடு சரி, அப்புறம் போனையே தொட மாட்டேன் என்றான்.

போன் மறுபடி அடித்தது.

மேல்காற்றுதான் என்றாள். நல்லாப் பார்த்தியா என்று கேட்டான். நான் பாக்காத காத்தா என்றாள். அவன் சிரித்தான். அப்படியென்றால் மிச்சத்தையும் போட்டுவிடுகிறேன் என்றான்.

போடு என்றாள்.

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு அப்பாடா என்றார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊரே அப்பாடா என்னும். ஒருத்தனைத் தவிர.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

நெத்திலியைப் புரட்டிப் போட்டாள். காய்ந்ததை வாரிக் கூடையில் போட்டாள். வீட்டுக்குப் போகவில்லை. அவன் கத்துவதைக் கேட்க வேண்டும்.

மூன்று மணிக்கு அடித்தது.

அவன் கத்தவில்லை.

முப்பத்தொன்பதோடு நின்றுவிட்டது, எல்லாம் போச்சு என்றான். நாக்கு வறண்டு பேசினான்.

"நீ மனசப் போட்டு ஒழப்பிக்காதக்கா. காத்து தானே. நீ என்ன பண்ணுவ."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

போன் கையில் இல்லாதபோது தங்கமான மனுஷன்க்கா என்று பூங்காவனம் சொல்வாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

இப்படியே விட்டுவிடலாம். அவன் காற்றைத் திட்டிக்கொண்டு திரியட்டும். இவளுக்கும் நல்ல பேர் மிச்சம்.

ஆனால் யார் செய்தது என்று தெரியாமல் தோற்றவன் நாலு நாளில் எழுந்துவிடுவான். இன்னொரு கரை, இன்னொரு அக்கா.

"காத்து பன்னெண்டே முக்காலுக்கே வந்துடுச்சு தம்பி. நீ கேக்கறப்போ என் மேலதான் அடிச்சுட்டிருந்துச்சு."



ஏன் என்று கேட்பான். கேட்டதும் சொல்வதற்கு மூன்று வருடமாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

அவன் ஏன் என்று கேட்கவே இல்லை.