பட்டுச்சேலையில் நாலு ஓட்டை

கதவுக்குப் பின்னால் குனிந்தே நின்றதில் ராதாமணிக்கு இடுப்பு கழன்றுவிடும்போல் வலித்தது. ஆனாலும் அசையவில்லை. வேலைக்காரி முத்துத்தாய் மர பீரோவுக்குள் கையை விட்டு எதையோ எடுத்து முந்தியில் முடிந்துகொண்டிருந்தாள்.

தை மாதம் மகள் காவ்யஸ்ரீக்குக் கல்யாணம். அந்தப் பீரோவில் எடுத்து வைத்த முகூர்த்தப் பட்டில், கரையோரமாக நாலு ஓட்டை. அந்துருண்டை போட்டும் விழுந்த ஓட்டை.

“பூச்சியா இருக்கும்,” என்றார் கணவர் நாகசுப்பிரமணியன்.

“ஆமா, ரெண்டு கால் பூச்சி. சரிகையை உருவி விக்கிறா.”

முதல் ஓட்டையைப் பார்த்த அன்றே, முத்துத்தாய்க்குத் தருவதாகச் சொன்ன தீபாவளிச் சேலையை நிறுத்திவிட்டாள். அதிலிருந்து தினமும் கண்காணிப்புத்தான். இன்று காலை உள்ளே வரும்போது முந்தியில் முடிச்சு இல்லை. இப்போது இருக்கிறது.

பீரோ மேல்தட்டில், பழனிக்குக் காவடி எடுத்தபோது கட்டிய மயிலிறகுக் கட்டு. பாதி கொட்டி வெறும் ஈர்க்காக நின்றது. சாமி பொருள் என்று ராதாமணி அதை யாரையும் தொடவிடுவதில்லை.

“நில்லுடி. முந்தியை அவுரு.”

முத்துத்தாய் முடிச்சை இறுக்கிப் பிடித்தாள். “வேணாங்க்கா. பாத்தா சோறு எறங்காது.”

“எம் பட்டுல கை வைக்கிறவளுக்கு மட்டும் எறங்குதோ?”

பிடித்து இழுத்ததில் முடிச்சு அவிழ்ந்தது. சரிகை இல்லை. மயிர் முளைத்த பழுப்புப் புழுக்களும், கடுகளவு வண்டுகளும் தரையில் கொட்டின.

ராதாமணி துள்ளிப் பின்னால் போனாள். “அடிப்பாவி! ஒரு சேலைக்காகவா இம்புட்டுப் பூச்சியைக் கொண்டாந்து எம் பீரோவுல விட்ட?”

முத்துத்தாய் பீரோ பக்கம் திரும்பினாள். மயிலிறகுக் கட்டை எடுத்துத் தரையில் ஒரு தட்டு தட்டினாள். இன்னும் ஒரு கை புழு உதிர்ந்தது.

“இத தின்னு தீத்துட்டுத்தான் பட்டுல எறங்கியிருக்கு. தொட்டா வேலைய விட்டு நிறுத்திருவேன்னீக. அதான் ஒளிஞ்சு ஒளிஞ்சு பொறுக்குறேன். எங்க வீட்டுக் கோழிக்குத்தான் கொண்டாட்டம்.”



முத்துத்தாய் முந்தியை உதறி இடுப்பில் செருகினாள்.

“நான் கொண்டு வரலக்கா, கொண்டு போறேன். தீவாளிச் சேலை இன்னும் பாக்கி.”