டுவேனின் தாடி

"நேர் ரோட்டுல புலி, தம்பி. திருப்பத்துல குடிகாரன் மாதிரி சாயுது!"

வெர்லின் தன் சிவப்பு வண்டியின் கூரையைத் தட்டினார். எழுபதாம் வருஷத்து மாடல். எட்டு சிலிண்டர் எஞ்சின். மிதித்தால் டொலீடோ நகரமே திரும்பிப் பார்க்கும்.

டுவேன் அந்தப் பக்கம் பட்டறை திறந்து ஒரு குளிர்காலம்கூட முடியவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து முதலில் தாடியும் பிறகு அவனும் வெளியே வந்தார்கள்.

"ஸ்பிரிங் தொய்ஞ்சு போச்சு. ஷாக் அப்சார்பர் செத்தே போச்சு. மாத்திட்டு, பின்னாடி ஆட்டத்தைப் பிடிச்சு நிறுத்தற தடிக்கம்பி ஒண்ணு போட்டா அசையாது. ஆனா இந்த வயசுல எதுக்கு சார் இந்த வேகம்?"

"நோரீன்!" என்றார் வெர்லின், பல்லைக் கடித்தபடி.

மே மாதம் கார் கிளப் போட்டி. மூடிக் கிடக்கும் கடைவளாகத்தின் பார்க்கிங்கில் ஆரஞ்சுக் கூம்புகளை வளைத்து வளைத்து வைப்பார்கள். ஒவ்வொருவராக ஓட்ட வேண்டும். குறைந்த நேரத்தில் முடிப்பவருக்குக் கோப்பை. ஆறு வருஷமாக அது நோரீனிடமே இருக்கிறது.

"ஜெயிச்சோமா, போனோமான்னு இருக்க மாட்டா. 'அந்த வளைவுல கொஞ்சம் முன்னாடியே பிரேக் போட்டிருக்கலாமே'ம்பா. ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் அவ வாயை மூடிப் பார்த்துடணும்!"

"அவங்க வண்டி புதுசா?"

"எங்க! பழசுதான். சாயற ரகம். சாய்ச்சுக்கிட்டே ஓட்ட அவளுக்கு வருது, எனக்கு வரல."

"விடுங்க சார். நான் வேலை பார்த்த வண்டியில நீங்க நோரீன்கிட்ட தோத்தா, இந்தத் தாடியை அங்கயே வழிச்சுக்கறேன்!"

வெர்லின் தாடியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, காபியை ஒரு மடக்குக் குடித்துக்கொண்டார்.

போட்டி நாளில் சிவப்பு வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் வளைந்தது. ஒரு கூம்புகூட விழவில்லை. நேரப் பலகையைப் பார்த்த வெர்லின் டுவேனைக் கட்டிக்கொண்டார்.

"போன வருஷம் அவ எடுத்ததைவிடக் குறைஞ்ச நேரத்துல முடிச்சுட்டேன் தம்பி!"

"தாடி தப்பிச்சுது! எங்க சார் அந்த நோரீன்? வண்டியைப் பார்க்கணுமே."

மடக்கு நாற்காலியில் ஹாட் டாக் தின்றுகொண்டிருந்த நரைத்த தலைப் பெண்மணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"நல்லா ஓட்டினீங்க" என்றாள் வெர்லினிடம். "கடைசி வளைவுல மட்டும் கொஞ்சம் முன்னாடியே பிரேக் போட்டிருக்கலாம். சாவி?"

வெர்லின் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் சிவப்பு வண்டியில் ஏறி, ஓட்டுநர் இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"சார்... இது உங்க வண்டியாச்சே?"

"எங்க வண்டி தம்பி. கல்யாணத்துக்கு மறுமாசம் சேர்ந்து வாங்கினது" என்றார் வெர்லின், முகம் நிறைந்த சிரிப்போடு. "ஒரே வண்டியை ரெண்டு பேர் ஓட்டலாம்னு கிளப்புல விதி இருக்கு."

முதல் வளைவில் வண்டி இம்மியும் சாயாமல் திரும்பிய வேகத்தைப் பார்த்து, டுவேன் மெதுவாகத் தாடியைத் தடவிக்கொண்டான்.